கேள்வி நேரம்: அடிக்கோடு போட்டால் போதுமா?

கேள்வி: மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஒரு பத்தியின் மொழிநடையை ஆராயச் சொன்னால் நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று கலர் கலராக அடிக்கோடு போடுகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மதிப்பெண் மட்டும் வரவில்லை. என்ன குறை?

பதில்: அடிக்கோட்டோடு நிறுத்திவிட்டதுதான் குறை. 'இதில் மூன்று அட்ஜெக்டிவ் இருக்கின்றன' என்று எழுதினால், திருத்துகிறவர் 'சரி, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த இடத்தில் வேறு எதைப் போட்டிருக்கலாம், ஏன் இதைப் போட்டார் என்று கேட்டால்தான் அந்தப் பெயர்களுக்கே வேலை வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க அரசு ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பிறகு, 1987 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸில் பேசிய அதிபர் ரீகன், நினைத்ததை அடையவில்லை என்று சொல்லும்போது 'வீ' என்றார். அதே வாக்கியத்தின் அடுத்த பாதியில் 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்று முடித்துக்கொண்டார். முன்பாதி செய்வினை, பின்பாதி செயப்பாட்டுவினை, அதாவது பேசிவ் வாய்ஸ். தவறு செய்தது யார் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஆள் காணாமல் போய்விட்டார் பாருங்கள்! 'இது பேசிவ்' என்பதோடு இதையும் எழுதினால்தான் அது ஆய்வு.

ஆனால் பேசிவ் என்றாலே மறைப்பு என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம். 'தி பிரிட்ஜ் வாஸ் பில்ட் இன் 1890' என்பதில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை, பேச்சு பாலத்தைப் பற்றியது, அவ்வளவுதான். செய்வினையிலேயே ஒளிந்துகொள்ளவும் முடியும். தட்டைக் கீழே போட்ட பிள்ளை 'உடைச்சுட்டேன்' என்றா சொல்கிறது, 'உடைஞ்சுடுச்சு' என்றுதானே சொல்கிறது? ஆங்கிலத்தில் 'தி பிளேட் புரோக்' என்பதும் அந்த ரகம்தான். செயப்படுபொருள் வேண்டாத வினை, இன்டிரான்சிட்டிவ். மகளிடம் பாலம், தட்டு இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஃபிரேஸ் (phrase), கிளாஸ் (clause) இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

பதில்: (வகுப்பறை கிளாஸ் இல்லை, அது வேறு!) உள்ளே எழுவாயும் அதற்குரிய வினையும் இருந்தால் பெரும்பாலும் கிளாஸ். 'ஆஃப்டர் தி ரெயின்' ஃபிரேஸ், 'ஆஃப்டர் இட் ரெயின்ட்' கிளாஸ்.

கேள்வி: 'ரவுண்ட்' நவுனா, அட்ஜெக்டிவா? அகராதியில் நாலைந்து போட்டிருக்கிறது.

பதில்: தனியாக நிற்கும்போது எதுவும் இல்லை. 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் பெயரடை, 'தி ஃபைனல் ரவுண்ட்' என்றால் பெயர்ச்சொல், 'ரவுண்ட் தி கார்னர்' என்றால் பிரிபொசிஷன். நம் 'படி' மட்டும் என்ன, ஏறவும் செய்கிறோம், புத்தகத்தையும் படிக்கிறோம். வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

கேள்வி: புரோநவுனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சின்னச் சொல்தானே?

பதில்: சின்னச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'. அதனால்தான் அரசியல் மேடையிலும் விளம்பரத்திலும் அது அவ்வளவு வசதி. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம் 'வீ தி பீப்பிள்' என்று தொடங்குகிறது, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அந்த 'வீ'க்குள் இல்லை. அடுத்த முறை ஒரு ஆங்கிலப் பேச்சில் 'வீ' வந்தால் மனதுக்குள் தமிழில் மாற்றிப் பாருங்கள். 'நாம்' என்று தொடங்கி நடுவில் எந்த வரியில் 'நாங்கள்' ஆகிறது என்பது தெரியும், கட்டுரையை அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.