டாப்-அப் லோன் சைனிங் அமவுண்ட் இல்ல தம்பி

கேள்வி: அண்ணா, வயசு 38, பெங்களூர் மர்ஃபி டவுன்ல வாடகைக்கு இருக்கேன், சொந்த ஊர் கேஜிஎஃப். 14 வருஷம் பாஸ்கெட்பால் ஆடினேன், மொத்தம் ஏழு டீம், பாதி கான்ட்ராக்ட் பாதி கெஸ்ட் பிளேயர், பர்மனென்ட் வேலை கடைசி வரைக்கும் அமையல. ரெண்டு வருஷமா சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அகாடமில அசிஸ்டென்ட் கோச், 42,000 பேசி 10% டிடிஎஸ் பிடிச்சு 37,800 வருது. சாயங்காலம் அபார்ட்மென்ட் பசங்களுக்கு சொல்லித்தர்றதுல 18,000. வைஃப் ஸ்கூல்ல வேலை, 22,000. பர்சனல் லோன் 8 லட்சம் இருக்கு, இஎம்ஐ 19,450. மச்சான் பிக்கிள்பால்னு டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டத்துக்கு கோர்ட் போடலாம், நீங்க பிளேயர் உங்க பேர் இருந்தா கூட்டம் வரும், இருக்கற லோன் மேலயே இன்னும் 6 லட்சம் டாப்-அப் எடுங்கன்னு கேக்கறாரு. பேங்க் ஆப்லயும் ஆஃபர் காட்டுது. எடுக்கலாமா? இல்லனா ஸ்மால் கேப் எஸ்ஐபி, அதான் சின்ன கம்பெனி ஷேர் ஃபண்டுல மாசாமாசம், போடலாமா? பேங்க்ல ஒரு மேடம் கேரண்டீட் இன்கம் பிளான்னு ஒண்ணு சொல்றாங்க, அதுவா? அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல டை லூ மாதிரி நானும் ஒரு நாள் ஹெட் கோச் ஆவேன்னு நம்பிக்கை இருக்கு, அது வரைக்கும் எப்படி ஓட்டறதுன்னு சொல்லுங்க.

பதில்: தம்பி, டாப்-அப் எடுக்காதீங்க. இந்த 6 லட்சம் மட்டும் இல்ல, இனிமே எப்பவுமே. எஸ்ஐபியா இன்சூரன்ஸ் பிளானாங்கறத அப்புறம் பாக்கலாம், உங்கள அரிக்கறது அது இல்ல.

நீங்க கூட அனுப்பின லோன் விவரத்த நோட்டுல போட்டு பாத்தேன், ஒருநாள் ராத்திரி பூரா மனசுல அதுதான் ஓடிச்சு. முதல்ல தங்கச்சி கல்யாணத்துக்கு 3 லட்சம், 16% வட்டி, அஞ்சு வருஷம், இஎம்ஐ 7,300 கிட்ட. சரி, அண்ணன்காரன் செய்யத்தான் செய்வான். 18 மாசம் ஒழுங்கா கட்டினீங்க, மொத்தம் 1.31 லட்சம் போச்சு, ஆனா அசல்ல கழிஞ்சது வெறும் 67 ஆயிரம். அப்ப மச்சான் கேப் ஓட்ட கார் வாங்கணும்னாரு, டாப்-அப் போட்டு லோன் 5.5 லட்சம் ஆச்சு, பழைய பாக்கி போக கைக்கு வந்தது 3.17 லட்சம். மறுபடி 18 மாசம் 13,400 கிட்ட கட்டினீங்க, 2.41 லட்சம். அசல்ல 1.22 லட்சம்தான் கழிஞ்சது. அடுத்து கேஜிஎஃப் வீட்டுக்கு கூரை, தம்பியோட கடன், திரும்ப டாப்-அப், இப்ப 8 லட்சம், கைக்கு வந்தது 3.72 லட்சம்.

கூட்டிப் பாருங்க. மூணு வருஷத்துல பேங்குக்கு நீங்க கட்டினது 3.72 லட்சம், அதுல 1.83 லட்சம் வட்டி. கடைசி டாப்-அப்ல கைக்கு வந்ததும் அதே 3.72 லட்சம்! மூணு வருஷம் கட்டினத அப்படியே திரும்ப வாங்கி வீட்டுக்கும் தம்பிக்கும் குடுத்துட்டீங்க, இப்ப திரும்ப முதல் மாசத்துல இருந்து 60 இஎம்ஐ. ஒவ்வொரு டாப்-அப்லயும் மீட்டர் சைபர்ல இருந்து ஓடும், ஆரம்ப மாசங்கள்ல இஎம்ஐல பாதிக்கு மேல வட்டிக்கே போயிடும், நீங்க ஒவ்வொரு தடவையும் அந்த மோசமான பாதியை மட்டும் கட்டிட்டு அசல் வேகமா கரையற பாதிக்கு வர்றதுக்குள்ள ரீஸ்டார்ட் பண்ணிடறீங்க. ப்ராசஸிங் ஃபீ வேற. 8 லட்சத்துக்கு 2%னு வெச்சா ஜிஎஸ்டியோட 18,880, அதுவும் சில இடத்துல புதுசா வாங்கற தொகைக்கு மட்டும் இல்ல, மொத்த லோனுக்கும் போடுவாங்க.

இது ஏன் உங்களுக்கு தப்பா தோணலன்னு யோசிச்சேன். நீங்க ஆடின காலத்துல காசு எப்படி வந்துச்சு? மாசாமாசம் இல்ல. டீம் மாறினா சைனிங் அமவுண்ட்னு ஒண்ணு, டோர்னமென்ட் ஜெயிச்சா ஒரு பங்கு, மே மாசம் பெரியகுளம், அப்புறம் கோயமுத்தூர்னு கெஸ்ட்டா போனா ஒரு கவர். நம்ம நாட்டு பாஸ்கெட்பால் லீக் யூபிஏ 2015-ல ஆரம்பிச்சப்ப ஒரு சீசன் நல்ல காசு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, 2017-க்கு அப்புறம் அந்த லீக்ல சீசனே நடக்கல. நடுவுல காசு இல்லாத மாசத்துக்கு ஃப்ரெண்ட்கிட்ட கைமாத்து, அடுத்த டீம் அமவுண்ட் வந்ததும் ஒரேயடியா செட்டில். அந்த வாழ்க்கைக்கு அது சரியான முறைதான், நான் குத்தமே சொல்லல. ஆனா அசிஸ்டென்ட் கோச்சுக்கு அடுத்த டீம் அமவுண்ட்னு ஒண்ணு கிடையாது. கைல மொத்தமா காசு விழற அந்த பழக்கத்த இப்ப பேங்க் ஆப் வந்து நிரப்புது. டாப்-அப் கிரெடிட் ஆன மெசேஜ் வர்றப்ப உங்களுக்குள்ள இருக்கற பிளேயர் அத சைனிங் அமவுண்ட்டாதான் பாக்கறான். வீட்டுல இருக்கறவங்களும் அப்படித்தான் பாக்கறாங்க, பேப்பர்ல போட்டோ வந்த ஆளு, டீம் ஜெர்சி போட்டு ஏர்போர்ட்ல நின்ன ஆளு, அவன்கிட்ட இல்லாமயா போகும்னு.

டை லூ சொன்னீங்க. ஏழெட்டு டீம் சுத்தின ஆளு, அசிஸ்டென்ட்டா உக்காந்து 2016-ல கிளீவ்லேண்ட் டீமுக்கு ஹெட் கோச் ஆகி அதே வருஷம் கப்பும் அடிச்சாரு, உண்மை. ஆனா அதே என்பிஏல சாம் கசேல பாருங்க. எட்டு டீம்ல ஆடினவரு, 2009-ல வாஷிங்டன்ல அசிஸ்டென்ட் கோச்சா சேந்தாரு, அப்புறம் கிளிப்பர்ஸ், பிலடெல்பியா, பாஸ்டன். 2024-ல பாஸ்டன் ஜெயிச்சப்பவும் அவர் அசிஸ்டென்ட்தான். 15 வருஷம், அதுவும் மரியாதையா, எல்லாரும் கேட்டு வாங்கற கோச்சா. உங்க பட்ஜெட்ட டை லூ கணக்குல போடாதீங்க, கசேல் கணக்குல போடுங்க. இன்னொண்ணு, என்பிஏல மூணு சீசன் ஆடினாலே பென்ஷனுக்கு தகுதி வந்துடும், பெஞ்சுலயே உக்காந்திருந்தாலும். உங்க 14 வருஷத்துக்கு பின்னாடி ஒரு பிஎஃப் அக்கவுண்ட் கூட இல்ல. ரயில்வேலயோ பேங்க்லயோ ஸ்போர்ட்ஸ் கோட்டால உள்ள போன உங்க டீம்மேட்டுக்கு இருக்கற மெத்தை உங்களுக்கு இல்ல, அதனால அவன் எடுக்கற ரிஸ்க்க நீங்க எடுக்க முடியாது.

இப்ப பிக்கிள்பால். மச்சான் குடுத்த கணக்கையே எடுத்துக்கறேன். ரெண்டு கோர்ட், மணிக்கு 500, கூட்டம் வர்ற மூணு மணி நேரம், ஒரு நாளைக்கு 3,000. ஓப்பன் கோர்ட்டு, பெங்களூர்ல மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் சாயங்கால மழை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், கரெக்டா கோர்ட் புக் ஆகற நேரத்துல கொட்டும். நல்ல மாசமே 25 நாள்னு வெச்சாலும் 75,000. இடத்து வாடகை 55,000, பையன் சம்பளம் 14,000, லைட் பில் 6,000. ஆச்சா, 75,000 தீந்துச்சு. இதுல உங்க இஎம்ஐ எங்க இருந்து வரும்? 14 லட்சம் லோனுக்கு மாசம் 34,000. உங்க ரெண்டு பேர் வருமானம் 77,800. வாடகை 17,000, ஃபீஸ் 6,000, வீட்டுச் செலவு 20,000, அப்பா அம்மாவுக்கு 5,000, பெட்ரோல் 4,000னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு இஎம்ஐ போக 6,000 மிஞ்சுது. டாப்-அப் எடுத்தா மாசம் 8,000 துண்டு விழும், அத கிரெடிட் கார்டுல தள்ளுவீங்க, அங்க வட்டி வருஷத்துக்கு 40% கிட்ட. தெருவுக்கு ஒரு பிக்கிள்பால் கோர்ட் வந்துட்டு இருக்கற ஊர்ல கடன் வாங்கி அதுல இறங்கறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காருக்கு குடுத்த காசுக்கு மாசம் 8,000 தர்றேன்னு சொன்ன மச்சான் ரெண்டே மாசம்தான் குடுத்தாருங்கறதையும் நீங்களே எழுதியிருக்கீங்க, நான் வேற என்ன சொல்ல.

வைஃப் "உங்க வீட்டுக்குன்னா குடுக்கறீங்க, எங்க வீட்டுக்குன்னா கணக்கு பாக்கறீங்க"ன்னு கேக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தப் பொண்ணு கேக்கறதுல நியாயம் இருக்கு தம்பி. மூணு தடவைல ரெண்டு தடவை உங்க பக்கம்தான் போயிருக்கு. அதனால மச்சானுக்கு மட்டும் கதவ சாத்தினா வீட்டுல நிம்மதி இருக்காது. ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல சாத்தணும். மேல நான் போட்ட கணக்க ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க, யார் அண்ணன் யார் தம்பின்னு பேரே வேண்டாம், நம்பர் மட்டும். அப்புறம் உங்க தம்பிக்கு நீங்க முதல்ல ஃபோன் பண்ணி சொல்லுங்க, லோன் முடியற வரைக்கும் என்னால ஆகாதுன்னு. உங்க பக்கம் நீங்க சொன்னத கேட்டப்புறம் மச்சான்கிட்ட உங்க வைஃபே பேசுவாங்க. அப்பா அம்மாவுக்கு அனுப்பற 5,000-ல கை வைக்காதீங்க. 2001-ல கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்த மூடினப்ப உங்க அப்பா சம்பளம் ஒரே நாள்ல நின்னத பாத்த பையன் நீங்க, அந்த காச நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, நிறுத்தவும் தேவையில்ல.

சரி, கடன எப்படி முடிக்கறது. உங்க கடிதத்துலயே ஒரு புதையல் இருக்கு, நீங்க கவனிக்கல. மாசம் 4,200 டிடிஎஸ், வருஷத்துக்கு 50,400. ரெண்டு வருஷமா ஐடிஆர், அதான் வருமான வரிக் கணக்கு, போடலன்னு எழுதியிருக்கீங்க! அகாடமி, அபார்ட்மென்ட் ரெண்டும் சேத்து உங்க வருமானம் 7.2 லட்சம்தான், 2025-26-ல இருந்து புது வரி ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல. அதாவது அந்த 50,400 முழுசும் உங்க காசு, கவர்மென்ட்கிட்ட சும்மா கிடக்குது. அபார்ட்மென்ட் காசையும் மறைக்காம காட்டி ஐடிஆர் போட்டா திரும்ப வரும். நேரம் தவறிப்போன வருஷத்துக்கு, தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கு, அதுக்கு ஒரு ஆடிட்டர பாருங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் செலவானாலும் போட்டுடுங்க.

அப்புறம் ஏப்ரல் மே சம்மர் கேம்ப்ல தனியா 60,000 வருதுன்னு சொன்னீங்க, அது இதுவரைக்கும் எங்க போகுதுன்னே தெரியல. முதல் வருஷ கேம்ப் காச மட்டும் வேற பேங்க்ல தனியா போட்டு தொடாம வைங்க, உங்க முட்டி ரெண்டும் ஏற்கனவே ஆபரேஷன் பாத்த முட்டி, ஒரு மாசம் கோர்ட்டுல நிக்க முடியலன்னா அகாடமி காசு தராது. ரீஃபண்ட் 50,000 வந்ததும் லோனுக்கு பார்ட் பேமென்ட். ரெண்டாவது வருஷத்துல இருந்து ரீஃபண்டும் கேம்ப் காசும் சேத்து 1.1 லட்சம். இஎம்ஐய குறைக்காதீங்க, மாசத்த குறைக்கச் சொல்லுங்க, சில பேங்க்ல கேக்காம விட்டா இஎம்ஐய குறைச்சுடுவாங்க. இப்படிப் போனா அஞ்சு வருஷ லோன் மூணரை வருஷத்துக்குள்ள முடியும், வட்டில ஒரு லட்சம் கிட்ட மிச்சம். ஃபிக்ஸட் ரேட் லோனா இருந்தா பார்ட் பேமென்ட்டுக்கு சார்ஜ் இருக்கலாம், சில பேங்க் 12 இஎம்ஐ முடிஞ்சாதான் விடும், சேங்ஷன் லெட்டர்ல பாத்துடுங்க.

ஸ்மால் கேப்பா அந்த மேடம் சொல்ற பிளானானு கேட்டீங்க. 16% கடன அடைக்கறது 16% நிச்சயமா சம்பாதிக்கற மாதிரி, வரியும் கிடையாது. கேரண்டீட் இன்கம் பிளான்ல உள்ள இருக்கற வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதம், அதுக்கு நடுவுல நிறுத்தினா கட்டினதுலயே கை வைப்பாங்க. 16-க்கு வாங்கி 6-க்கு போடறது எந்த ஊர் கணக்கு? ரெண்டும் வேண்டாம், லோன் முடியட்டும். மிஞ்சற 6,000-ல குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் உடனே எடுங்க, அகாடமி குடுக்கறது இல்லைங்கறதால. முட்டி ஆபரேஷன மறைக்காம எழுதுங்க, பழைய நோய்க்கு காத்திருக்கற காலம் இப்ப அதிகபட்சம் மூணு வருஷம்தான், மறைச்சா மொத்த கிளைமும் போயிடும்.

நீங்க கேக்காத ஒண்ணு. 6 லட்சம் பிக்கிள்பால்ல போட யோசிச்சவர், பாட்டியாலாவுல கோச்சுங்கள உருவாக்கற என்ஐஎஸ் (தேசிய விளையாட்டு நிறுவனம்) சர்டிபிகேட்டுக்கு யோசிக்கவே இல்ல. ஆறு வாரத்து கோர்ஸே இருக்கு, கோடை கேம்ப் போக மீதி மாசத்துல எப்ப அட்மிஷன்னு பாருங்க. பிஎஃப் பிடிக்கற பெரிய ஸ்கூல் எதுலயும் நீங்க எத்தனை டீம்ல ஆடினீங்கன்னு கேட்டு மகிழ்வாங்க, ஆனா ஃபைல்ல வைக்க ஒரு சர்டிபிகேட் கேப்பாங்க. உங்ககிட்ட ஆட்டம் இருக்கு, ஏழு டீம் கோச்சுங்ககிட்ட கத்துக்கிட்டது இருக்கு, அந்த ஒரு தாள்தான் இல்ல.

இந்த வாரம் அகாடமி லீவு நாள்ல ரெண்டு வேலை. இன்கம் டாக்ஸ் சைட்ல லாகின் பண்ணி 26ஏஎஸ்ங்கற டிடிஎஸ் விவரத் தாள்ல அகாடமி அந்த 4,200-ஐ உண்மையிலயே உங்க பேன் நம்பர்ல கட்டியிருக்காங்களான்னு பாருங்க, கட்டாம இருந்தா அக்கவுண்ட்ஸ்ல உடனே கேளுங்க. பேங்க் ஆப்ல ப்ரீ அப்ரூவ்டு ஆஃபர் நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க, கஸ்டமர் கேர்ல மார்க்கெட்டிங் கால் வேண்டாம்னு எழுதிக் குடுங்க. ரீஃபண்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, பார்ட் பேமென்ட் சார்ஜ் எவ்வளவு கேக்கறாங்கன்னும் சேத்து.