ஒரு பகலில் மணலும் மலையும்: வாசகர் கேள்விகள்

டெல்லியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய மோட்டார் சைக்கிள் பயணங்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில், குழுவாகச் செல்வோர் கேட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் கூடிப் புறப்படும் நண்பர்கள் நாங்கள் 11 பேர். பாலைவனத்தையும் மலையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜெய்சல்மர் வரை போய்வர முடியுமா? முடியாதென்றால் வேறு எங்கே, எந்த மாதத்தில் போகலாம்?
— வாசகர், ஆர்.கே.புரம்

ஜெய்சல்மர் 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதை ஒரு நாளில் போய்வர நினைப்பது பயணமாகாது, பிடிவாதமாகும். ஆனால் பாலைவனத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தார்ப் பாலையின் கிழக்கு விளிம்பு ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டம் வரை வந்து கிடக்கிறது. குஜராத்தில் தொடங்கி டெல்லியின் ரிட்ஜ் காட்டில் தேய்ந்து மறையும் ஆரவல்லி மலைத்தொடர் அந்த மணலுக்கு ஒரு மதில் போல நிற்கிறது. மதிலில் உடைப்பு விழுந்த இடங்களின் வழியாக மணல் ஹரியானாவுக்குள்ளும் புகுந்திருப்பதை மகேந்திரகர் மாவட்டத்து வயல்களில் நீங்களே காணலாம். ஆகவே மலையும் மணலும் கலக்கும் இடத்தைத் தேடித்தான் நீங்கள் போக வேண்டும். நான் அந்த ஜுன்ஜுனு மாவட்டத்தில் உள்ள கேத்ரியைச் சொல்வேன்.

குருகிராம், தாருஹேடா வழியாக ரேவாரி சென்று, அங்கிருந்து 11ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நார்னோல், சிங்கானா என்று போனால், கேத்ரி உங்கள் மலை மந்திர் வாசலிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நார்னோலுக்குப் பிறகு இருபுறமும் மொட்டைப் பாறைக் குன்றுகள் நெருங்கத் தொடங்கும். கேத்ரி ஒரு பழைய சமஸ்தானத் தலைநகரம். மேலே மலைமீது கோட்டை, அருகில் அரசு நிறுவனத்தின் தாமிரச் சுரங்கம். நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1893ஆம் ஆண்டு சென்னை அன்பர்கள் சிகாகோ பயணத்துக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தபோது, சுவாமி விவேகானந்தர் சென்னையிலிருந்து கேத்ரி அரசர் அஜித் சிங்கிடம் வந்து, பிறகு பம்பாய் சென்று மே 31 அன்று கப்பலேறினார். அவர் தங்கிய அரண்மனையில் இப்போது ராமகிருஷ்ண மிஷன் இயங்குகிறது; ஒரு மணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள்.

மணல் வேண்டுமென்றால், சிங்கானாவிலிருந்து சிராவா நோக்கிச் சிறிது தூரம் செல்லுங்கள். மலை பின்வாங்கி, வயல்களுக்கு நடுவே மணல்மேடுகள் தலைகாட்டும்; மேடுகளின்மேல் ஒற்றை ஒற்றையாக நிற்கும் மரங்கள் கேஜ்ரி என்று அங்கே அழைக்கப்படும், நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னி. அதன் காயான சாங்ரியைத்தான், கேர் என்ற புதரின் காயோடு சேர்த்துச் சமைத்து, கேர் சாங்ரி என்ற பெயரில் தாபாக்காரர் கம்பு ரொட்டியோடு உங்கள் தட்டில் வைப்பார். அந்த மண்ணை அறிந்துகொள்ள அந்த ஒரு வேளைச் சாப்பாடு போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உள்ள நான்கு வாரங்களை விட்டால் அக்டோபர் கடைசியைத்தான் சொல்ல முடியும். பிப்ரவரியில் ரேவாரி வரை கடுகு பூத்துக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. மே, ஜூனில் லூ என்னும் அனல்காற்றும் ஆந்தி என்னும் புழுதிப்புயலும் வீசும். பிப்ரவரியில் பகல் வெளிச்சம் 11 மணி நேரமே என்பதால், மதியம் ஒன்றரை மணிக்குக் கேத்ரியைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பதை முன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு பேசினால் 11 பேருக்கும் 11 கருத்து இருக்கும்.

சோஹ்னாவிலிருந்து டெல்லி–மும்பை விரைவுச்சாலையில் ஏறினால் ஆல்வார் பக்கம் வெகு சீக்கிரம் போய்விடலாமே, அதை ஏன் நீங்கள் குறிப்பிடவில்லை?
— வாசகர், துவாரகா

அதில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையிலும் 2023 ஆகஸ்ட் முதல் இதே தடைதான். வண்டி எத்தனை சிசி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

என்னிடம் இருப்பது 110 சிசி ஸ்கூட்டர். குழுவில் மற்ற எல்லோரிடமும் 350 சிசியும் அதற்கு மேலும். "நீ நிதானமாகப் பின்னால் வா, நாங்கள் தாபாவில் காத்திருக்கிறோம்" என்கிறார்கள். நான் போகலாமா, வேண்டாமா?
— வாசகி, மயூர் விகார்

தாராளமாகப் போகலாம், ஆனால் பின்னால் அல்ல. முதல் வண்டிக்கு அடுத்த இடம் உங்களுடையது; அதைத் தர அவர்கள் மறுத்தால் அந்தக் குழுவோடு போக வேண்டாம்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, கணக்காகச் சொல்கிறேன். பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விநாடி இடைவெளியில் செல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே 18 விநாடி இருக்கும். ஒரு கிராமத்து வேகத்தடையைத் தாண்டியதும் முதல் வண்டிக்காரர் 80 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிட்டால், கடைசி வண்டி அதே தடையின்மேல் ஏறி இறங்குவதற்குள் அவர் 400 மீட்டர் அளவுக்கு முன்னே போயிருப்பார். அந்த இடைவெளியை மூடக் கடைசி ஆள் 90, 100 என்று விரட்ட வேண்டும். ஹரியானா கிராமங்களில் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே நாள் முழுதும் முன்னால் இருப்பவர் ஆடி அசைந்து போக, பின்னால் இருப்பவர் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டிருப்பார். குழுவிலேயே வலுக்குறைந்த வண்டியை அந்த இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. உங்களை இரண்டாவதாக வைத்தால், முதல் ஆள் தன் கண்ணாடியில் உங்களைப் பார்த்து வேகத்தை வகுப்பார். நன்றாக ஓட்டத் தெரிந்தவரும், பஞ்சர் ஒட்டும் சாமான் வைத்திருப்பவரும் கடைசியில் வர வேண்டும். ஊரைத் தாண்டிய பிறகும் அரை நிமிடம் 40 கிலோமீட்டரிலேயே செல்வது முதல் ஆளின் கடமை. ஆறேழு வண்டிகளுக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள்.

நேர்ச்சாலையில் ஒருவர் பாதையின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாகப் படிக்கட்டு போல மாறி மாறிச் செல்வது நல்லது. தனக்கு நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு விநாடி, அதாவது 80 கிலோமீட்டர் வேகத்தில் 44 மீட்டர், விட்டுச் செல்ல வேண்டும். மலை வளைவு வந்ததும் இந்த ஒழுங்கைக் கலைத்து ஒற்றை வரிசையாகிவிடுங்கள்.

சந்திப்புகளுக்கு ஒரே ஒரு விதி: உங்கள் பின்னால் வருபவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் வரை எந்தத் திருப்பத்திலும் திரும்பக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ரேவாரிப் புறவழிச்சாலையில் நாங்கள் நால்வர் நார்னோல் பக்கம் திரும்ப, ஐந்தாமவர் நேரே போய்விட்டார். அவரைப் பார்த்து ஆறாமவரும் போனார். இருவரையும் மீட்டுக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று கேத்ரி போகவில்லை, நார்னோலின் ஜல் மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தவறு நேரே போனவருடையது அல்ல. திரும்பும் முன் கண்ணாடியைப் பார்க்காத நான்காவது ஆளுடையது. அந்த நான்காவது ஆள் நான்தான்.

ஸ்கூட்டரின் டாங்கி 5 லிட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், எரிபொருள் நிறுத்தங்களையும் உங்கள் வண்டியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நார்னோலில் எல்லோரும் நிரப்பிக்கொள்ளுங்கள்; ராஜஸ்தான் எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை கூடுதல். மலையிலிருந்து இறங்கும்போது ஒன்றை மறவாதீர்கள்: கியர் வண்டிக்காரர்கள் கீழ்க் கியரில் இஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குவார்கள், ஸ்கூட்டரில் அந்த வசதி மிகக் குறைவு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிடித்து, விட்டு, பிடித்து இறங்குங்கள். பிரேக் பிடி இளகுவதாகத் தோன்றினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

தார்ச்சாலையின்மேல் மணல் படர்ந்து கிடந்தால் என்ன செய்வது? ஏபிஎஸ் இருக்கும் வண்டிக்குக் கவலை இல்லை என்கிறார்களே?
— வாசகர், குருகிராம்

கவலை உண்டு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் உதிரி மணலில் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் தார்ச்சாலையைவிட மிக அதிகம். அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டியது மணலுக்கு முன்னால்தானே தவிர மணலின்மேல் அல்ல. மணலுக்குள் நுழைந்த பிறகு வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தி, முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்து, முழங்காலால் டாங்கியை அணைத்துக்கொண்டு, பார்வையைத் தூரத்தில் வைத்துச் செல்லுங்கள். கைப்பிடி சற்று ஆடத்தான் செய்யும். அதோடு மல்லுக்கட்டினால்தான் விழுவீர்கள். நான் உண்மையில் அஞ்சுவது மணலைவிட, அந்தப் பகுதியில் கல் ஏற்றி வரும் லாரிகளை. வளைவில் அவை முழுச் சாலையையும் தமதாக்கிக்கொள்ளும். அவற்றிலிருந்து சிந்திய ஜல்லி வளைவின் வெளிப்பக்கத்தில் கிடக்கும்.

என் மகன் மார்ச் இறுதியில் நண்பர்களோடு போகிறான். காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் தெரியாது, ஜாக்கெட் வேண்டாம் என்கிறான். அவன் சொல்வது சரியா? என்ன கட்டிக்கொடுப்பது?
— வாசகி, ஜனக்புரி

வெயில் தெரியாது என்பது சரி. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. காற்றின் வெப்பம் நம் தோலின் வெப்பமான சுமார் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை அது உடலைக் குளிர்விக்கும். அதைத் தாண்டினால் அடுப்பு ஊதுவது போல உடலுக்குச் சூட்டை ஏற்றும். வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போயிற்று என்பதும் தெரியாது. முதலில் கெடுவது கவனம்தான். எனவே ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. காற்றோட்டத் துளைகளை வெயில் ஏறியதும் சற்று மூடி வைக்கலாம். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீர் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து, கலந்து கொடுத்தனுப்புங்கள். தாபாக்களில் உப்பிட்ட மோரும் கிடைக்கும்.

கட்டுச்சோற்றுக்கு எண்ணெயில் தோய்ந்த மிளகாய்ப்பொடி இட்லியே என் தேர்வு. தயிர்சாதம் வேண்டாம், நண்பகலுக்குள் புளித்துவிடும் என்பதோடு, அதைச் சாப்பிட்டவுடன் வரும் தூக்கம் வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. ஹெல்மெட்டில் ஐஎஸ் 4151 என்ற முத்திரை இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கரோல்பாக் நாயிவாலா கலியில் நல்ல ஹெல்மெட்டும் கிடைக்கும், ஹெல்மெட் போலத் தோன்றும் கிண்ணமும் கிடைக்கும்.

திட்டமிட்ட நேரம் தவறி, திரும்பும் வழியில் இருட்டிவிட்டால்?
— வாசகர், கரோல்பாக்

நார்னோலை அடையும் முன்பே பொழுது சாய்ந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடுங்கள் என்பதே என் பதில். அந்தச் சாலையில் அந்தி நேரத்தில் நீல்காய் என்னும் பெரிய மான்களின் மந்தை குறுக்கிடும். 200 கிலோவையும் தாண்டக்கூடிய அந்த விலங்கின்மேல் மோதுவது சுவரில் மோதுவதற்குச் சமம். ஒன்று கடந்துவிட்டதென்று வேகமெடுக்காதீர்கள், பின்னால் இன்னும் வரும். விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத ஒட்டக வண்டிகளும், எதிர்த்திசையில் வரும் டிராக்டர்களும் இருட்டில் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். ரேவாரியைத் தாண்டிய பிறகு இருட்டினால், ஒரு தேநீருக்கு நிறுத்தி, எல்லா வண்டிகளின் பின்விளக்கையும் துடைத்து, 60 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் வரலாம்.

மறுநாள் அலுவலகம் இருக்கிறதே என்ற எண்ணம்தான் பலரையும் இரவில் ஓட்ட வைக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர், திங்கட்கிழமைக்கான அரைநாள் விடுப்புக் கடிதத்தைச் சனிக்கிழமையே எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டுத்தான் புறப்படுவார். இதுவரை அது இருமுறை பயன்பட்டிருக்கிறது.