விரலில் மரச் சிலாம்பு ஏறி ஒடிந்துவிட்டது. ஊசியால் எடுக்கலாமா, தானாக வரும்வரை விடலாமா?

விறகு பிளக்கும்போது ஏறியது, இழுத்ததில் பாதி ஒடிந்து உள்ளே நிற்கிறது, மூன்று நாளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கதை எனக்கும் நடந்தது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வளர்ந்தது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் மலையில் கிடக்கும் மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட கிளைகளை, கட்டிச் சுமந்து வருவோம்; லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அடுப்புக்கு அதுதான் விறகு. காய்ந்த மிலாறு சும்மா இல்லை. கத்தி சரிவாக வெட்டிய நுனி ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கும். 12 வயதில் அப்படி ஒன்று என் உள்ளங்கையில், கட்டைவிரல் மேட்டுக்குள் இறங்கியது. பதறிப்போய்ப் பிடுங்கினேன், நுனி உள்ளேயே தங்கிவிட்டது. அப்பாயி சுடுதண்ணீரில் கையை ஊறப்போட்டார், "ஊறினா தானா வந்துரும்டா" என்று. மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், பொதபொதவென்று உதிரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு குப்பி விளக்கில் ஊசியைச் சுட்டு ஒரு மணி நேரம் தோண்டினார். வந்தது துணுக்குத் துணுக்காகத்தான். ஊசியில் படிந்த கரியும் காயத்துக்குள் போனது.

ஒரு கிழமையில் கை வீங்கி, விரல் மடக்க முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரும்பும் கண்ணாடியும் எக்ஸ்ரேயில் தெரியும். மரம் பெரும்பாலும் தெரியாது. கடைசியில் தோட்டத்து மருந்துக்காரர்தான் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, ஓர் அரிசி நீளத் துண்டை எடுத்தார்.

சரி, புதிதாக ஏறினால் என்ன செய்வது? முதலில் பிடுங்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஊறவிடாமல் துடைத்துக் காயவையுங்கள். டோர்ச்சை நேர்மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிலாம்பு கிடக்கும் கோடு தெரியும். கொழுந்து பறிக்கும் கையில் இதுதான் பெரிய பாடு. தேயிலைக் கறை ஏறி வெடித்த விரலில் வெடிப்பு எது, சிலாம்பு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. என் அம்மாவுக்கு எடுக்கும்போது பேனா மூடியின் முனையால் மெல்ல அழுத்திக்கொண்டே போவேன், "ஸ்ஸ்" என்கிற இடத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் ஊசியையும் ட்வீசரையும் துடைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் வேலை சிலாம்புக்கு மேலே இருக்கும் தோலை, அது கிடக்கும் நீளவாக்கில் திறந்துவிடுவது மட்டும்தான். தலை வெளியே தெரிந்ததும் ட்வீசரால் அடியோடு பிடித்து, எந்தச் சரிவில் போனதோ அதே சரிவில் இழுக்க வேண்டும். நேராக மேலே தூக்கினால் ஒடியும். நானும் அப்படித்தான் ஒடித்தேன். பிதுக்கவும் கூடாது, உள்ளேயே நொறுங்கிவிடும். எடுத்தபின் திரும்பக் கழுவி ஒரு பிளாஸ்டர் போட்டால் போதும்.

எருக்கம்பால் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். தோலையே புண்ணாக்கும் பால் அது. அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் தீர்ந்தது கதை.

தானாக வருமா என்றால், தோலின் மேற்பரப்பிலேயே நிற்கும் வலியில்லாத சின்னத் துணுக்கு தோல் உதிரும்போது சேர்ந்து வந்துவிடும். ஆழமாகப் போன மரத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, அது சீழ் வைக்கும். நகத்துக்கடியில், மூட்டுக்குப் பக்கத்தில் என்றாலும், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர் என்றாலும் வீட்டில் ஊசியையே தொடாதீர்கள். சிவப்புக் கோடு கைமேல் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உங்களுக்கு மூன்று நாளாகிவிட்டது, பாதி உள்ளே நிற்கிறது. இனித் தோண்டாதீர்கள். நாளைக் காலையில் டிஸ்பென்சரிக்குப் போங்கள். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். மண் பட்ட விறகு என்பதால், 5 வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போடச் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்றால், "ஏறினது மரம், ஸ்கேன் பண்ணிப் பார்க்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மரம் தெரிய வாய்ப்பு அதிகம். அன்றைக்கு எங்களுக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.