அணிலை விடு, தீனியை மூடு

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு ஒன்றுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறோம், பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன், போடுகிற தீனியில் பாதி அணிலுக்கே போகிறது, குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய். கூடவே ரேஷன் கார்டு, பையனுக்குத் தமிழ்வழிப் பள்ளிக்கூடம், வீட்டு ஓனரிடம் என்ன எழுதி வாங்குவது என்று நாலைந்து கேள்வி. கார்டு விஷயத்துக்கு அக்ஷயா சென்டருக்குப் போ, அதுதான் இங்கத்து இ-சேவை மையம். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தமிழ்வழிப் பள்ளி சித்தூர் தாலுகாவில் உண்டு, யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வாடகை விஷயம் உன் சாமர்த்தியம். எனக்குக் கை துறுதுறுவென்று வருவது அணில் விஷயத்துக்குத்தான்.

மருந்து வைக்காதே கண்ணு.

குருணை மருந்து என்று எழுதியிருக்கிறாயே தவிர, எது என்று எழுதவில்லை. ஃப்யூரடான் என்றால், அதைக் கேரளத்தில் விற்கக் கூடாது என்று 2011-லேயே அரசு நிறுத்திவிட்டது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கிடைக்கிறதே என்று துணிப்பையில் சுருட்டிக்கொண்டு வருகிற நம்மாட்கள் இருக்கிறார்கள். கேட்டால், "ஊரில் காலங்காலமாக வைக்கிறோம், இங்கே என்ன புதுசா" என்பார்கள். ஊர் வேறு, இது வேறு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்கிற பூச்சிமருந்தைத் தெளித்து, அங்கே பிறந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைப் பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த ஊர் மலையாளிகள். அதே 2011 மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. அதனால் வேலியோரம் ஒரு பூனை வாயில் நுரை தள்ளிக் கிடந்தால், இங்கே அதை யாரும் சும்மா புதைத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

நாங்கள் வந்த புதிதில் எங்கள் வரிசையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் அணிலுக்கென்று வைத்தார். அணில் செத்ததா என்று தெரியாது. அடுத்த வீட்டுச் சேச்சியின் இரண்டு கோழி போயிற்று, அவளுடைய நாயும் போயிற்று. வார்டு மெம்பர் வந்தார், மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்தார், பெரிய பேச்சாகிவிட்டது. மருந்து வைத்தவர் தோட்டத்தை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மிச்சமிருந்த எங்களைத்தான் ரொம்ப நாள் "விஷம் வைக்கிற பாண்டிகள்" என்று பார்த்தார்கள். பாண்டி என்பது இங்கே தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற பேர். பால் வாங்கப் போனால் சேச்சி முகம் கொடுத்துப் பேச மாட்டாள். மூட்டை முடிச்சோடு வந்து, ஒரு ஓட்டு வீட்டில், மோட்டார் ஓடினால்தான் தண்ணீர் என்று கிடந்த நேரத்தில் அது வேறு. ஒருவர் செய்ததற்கு மொத்தப் பேரும் தலை குனிய வேண்டியிருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

எலி கேக்கும் வேண்டாம். அதைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், பூனையோ ஆந்தையோ அதைத் தூக்கிக்கொண்டு போகும். கறுப்புப் பொடி, அதுதான் ஜிங்க் பாஸ்பைடு, கலந்த தானியத்தைக் கோழியே நேராகக் கொத்திவிடும். வீட்டு லைனிலிருந்து கம்பி இழுத்து கரண்ட் வைக்கலாம் என்று உன் வீட்டுக்காரரிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்களை இனி வீட்டுக்குள் விடாதே. பாலக்காட்டில் பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், வைத்தவர்கள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, அணிலுக்கு வருவோம். தின்பது அணில்தானா என்று முதலில் பார்த்தாயா? நம் வீட்டு மூன்று கோட்டு அணிலின் எடையே கிட்டத்தட்ட நூறு கிராம்தான். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். உன் பத்துக் கோழிக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள். அதில் பாதியை அணில் தின்கிறது என்றால், அது அணிலா, ஆட்டுக்குட்டியா? அணில் சோளத்தையும் புண்ணாக்குத் துண்டையும் பொறுக்கிக்கொண்டு பொடியை விட்டுவிடும், அது உண்மை. மீதிக்கு மைனா இருக்கிறது, காக்கை இருக்கிறது, கோழியே காலால் சீய்த்து இறைப்பது இருக்கிறது, ராத்திரியானால் எலி இருக்கிறது.

எலியா அணிலா என்று கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. சாயங்காலம் கோழி அடைந்த பிறகு தட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்து மெல்லிசாகத் தூவு. அணில் பகல் பிராணி, இருட்டினால் கூட்டுக்குப் போய்விடும். காலையில் சாம்பலில் கால் தடமும் நடுவே வால் இழுத்த கோடும் இருந்தால் அது எலி. எங்கள் வீட்டில் முதல் தடவை தூவிப் பார்த்தபோது தட்டைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. நான் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த அணில் கூட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. எலி என்றால் அதைச் சும்மா விடாதே. கேரளத்தில் மழை பிடித்தால் எலிக்காய்ச்சலும் வந்துவிடும். எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் புண் உள்ள காலோடு நடந்தாலே போதும். ஆஷா அக்கா வந்து டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு, அப்புறம் பார்க்கலாம் என்று அலமாரியில் வைக்காதே.

இப்போது வழி. ராத்திரி தீனித் தட்டு வெளியே இருக்கவே கூடாது. பகலிலும் முழு நாளைக்கும் கொட்டி வைக்காதே. காலையில் ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம். கால் மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு போடு, நீ பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிரு, முடிந்ததும் தட்டை எடுத்துவிடு. மேய்கிற நாட்டுக்கோழிக்குத் தோட்டத்துப் புழு, கரையான், புல் எல்லாம் கிடைக்கிறது. கம்பெனித் தீவனம் துணைக்குத்தான். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

தீவன மூட்டையைத் தகர டிரம்மில் வை. பிளாஸ்டிக் டிரம் வேண்டாம். அணிலுக்கும் எலிக்கும் முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும், மூடியின் விளிம்பில் ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் டிரம்முக்கு அடியில் இரண்டு செங்கல் வை. தீவனம் ஈரம் குடித்துக் கட்டி கட்டியாகி, பச்சையாகப் பூசணம் பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிப் புதைத்துவிடு. காசைப் பார்த்துக் கோழிக்குப் போட்டால் ஈரல் கெட்டுச் சாகும்.

கூண்டுக்கு வலை வாங்கும்போது கடைக்காரர் ஆறுகோணக் கோழி வலையைத்தான் எடுத்துப் போடுவார். விலை குறைவு. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், அணில் உள்ளே வராமல் இருக்க இல்லை. அரை இஞ்ச் வெல்டு மெஷ் கேள். அடியில் ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கு, கதவு இடுக்கில் ஒரு விரல் நுழையக் கூடாது. கூண்டுக் கூரையைத் தொடுகிற கிளையை வெட்டிவிடு. தென்னைக்குத் தகரம் கட்டலாம் என்பார்கள். ஓலையும் ஓலையும் தொடுகிற தோப்பில் அது வீண் செலவு.

கொஞ்சம் காசு இருந்தால் மிதிப்பெட்டி செய்துகொள். கோழி ஏறி நின்றால் பலகை அழுந்தி மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். ஒன்றரைக் கிலோக் கோழிக்குத் திறக்கும், நூறு கிராம் அணிலுக்குத் திறக்காது. கிரில் கேட் செய்கிற வெல்டரிடம் படம் வரைந்து காட்டினால் செய்து தருவார். முதல் ஒரு வாரம் பலகை மேல் கல்லை வைத்து மூடியைத் திறந்தே விடு, கோழி சத்தத்துக்குப் பழகட்டும். குஞ்சுகளுக்கு இது ஆகாது, அவற்றைப் பஞ்சாரத்துக்குள் வைத்துத் தனியாகப் போடு.

இன்னொன்று, பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கோழிக்குக் காரம் தெரியாது. 2002-இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, பாலூட்டிகளுக்கு மிளகாய் சுடுவதற்குக் காரணமான ஏற்பி, அதாவது காரத்தை நரம்புக்குச் சொல்கிற உறுப்பணு, அதன் கோழி வகை அந்தக் காரத்துக்கு அசைவதில்லை என்று காட்டினார்கள். அதில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசே கிடைத்தது. காந்தாரி மிளகாய்ச் செடி நாம் விதைக்காமலே வேலியோரம் முளைப்பதும் பறவைகள் தின்று போடுவதால்தான். நான் காந்தாரியை அரைத்து, தவிட்டோடு ஈரமாகப் பிசைந்து வைப்பேன். அணில் ஒரு வாய் எடுத்துவிட்டு முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஓடும், கோழி பாட்டுக்குத் தின்னும். ஆனால் பொடியாகத் தூவாதே. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில், வீசுகிற காற்றில் பொடி முழுக்க உன் கண்ணிலும் கோழிக் கண்ணிலும்தான் போகும். பசி மிஞ்சிய அணில் கொஞ்ச நாளில் காரத்தையும் தாங்கிக்கொள்ளும், அதனால் இதை மட்டும் நம்பாதே. சிடி தொங்கவிடுவது, ஆந்தை பொம்மை வைப்பது எல்லாம் இரண்டு நாள் வேடிக்கை.

முட்டை காணாமல் போவதற்கும் அணில் மேல் பழி போடாதே. கீரி, சாரை, காக்கையைப் பார். அணில் உனக்குக் காவல்காரன். பூனையோ பாம்போ வல்லூறோ வந்தால் வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டு விடாமல் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் என் கோழிகள் குஞ்சுகளோடு கறிவேப்பிலைப் புதருக்குள் போய்விடும். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். மாமரத்தில் செம்பழுப்பாக, நீள வாலோடு பூனை அளவில் ஒன்று வந்தால் அது மலையணில். நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காட்டு ஓரம் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அது பாதுகாக்கப்பட்ட பிராணி, கிட்டேயே போகாதே.

நான் பல்லடத்துக்காரி. அங்கே கோழி என்றால் ஷெட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கும் பிராய்லர். கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், எடை போட்டு எடுத்துப் போகும். "பல்லடத்துக்காரிக்குக் கோழி தெரியாதா" என்று இங்கே எல்லாரும் கேட்பார்கள். முற்றத்துக் கோழியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சேச்சிதான், நாயைப் பறிகொடுத்த அதே சேச்சி. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது இங்கத்து மகளிர் குழுவில், என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இன்றைக்கு அங்கே கணக்கு எழுதுவது நான், மலையாளத்தில். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருடம் இருந்தும் கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்குகிற நம்மாட்களைப் பார்க்கும்போது, சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. சித்தூர்ப் புழையில், அதாவது இங்கத்து ஆற்றில், தண்ணீர் குறைந்தால், "உங்கள் ஆட்கள் திறந்துவிடவில்லை" என்று என்னைப் பார்ப்பார்கள். 1970-இல் கையெழுத்தான பறம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி இந்தப் பக்கம் வர வேண்டும். பல்லடம் போனால் அதே திட்டத்தின் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். "உங்கள் மலையாளத்தாருக்குக் கொடுத்தே தீர்ந்தது" என்பான் என் அண்ணன். இரண்டு பக்கமும் ஷட்டர் சாவி என் முந்தானையில் இருப்பதாக நினைப்பு. உன்னிடமும் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த பேச்சுக்குப் போய்விடு.

மெஷ் வாங்கக் கடைக்குப் போகும்போது கையோடு ஒரு ஸ்கேல் கொண்டு போ. அரை இஞ்ச் என்று சொல்லி முக்கால் இஞ்சைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள்.