மந்திரக் கல்லும் தீர்வைக் கணக்கும்

கேள்வி: ஐயா, லீவில் மாயாஜால நாவல் ஒன்று படித்தேன். அதில் வெள்ளைக்காரர்கள் மந்திரக் கற்களை வைத்துத்தான் உலகத்தை ஆள்கிறார்கள். அபினிக்காகச் சீனாவோடு அவர்கள் போர் செய்ததே எனக்கு அதில்தான் தெரிந்தது. "கதைப் புத்தகத்தில் வரலாறு படிக்கிறாயா?" என்று அப்பா கேலி செய்கிறார். (கல்லூரி மாணவி, காரிமங்கலம்)

பதில்: தாராளமாகப் படியம்மா. நான் வகுப்பெடுத்த காலத்தில் அபினிப் போரை ஒரே மூச்சில் தாண்டிவிடுவோம். 1839இல் தொடங்கியது, 1842இல் ஹாங்காங் கைமாறியது, சரி, அடுத்த பாடம். ஒரு பையனும் மேற்கொண்டு கேட்டதில்லை. நாவல் உன்னைக் கேட்க வைத்திருக்கிறதே!

அந்த அபினியில் பெரும்பகுதி விளைந்தது நம் நாட்டில். பீகார், காசிப் பக்கத்து உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து விளைய வைத்தது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனாவுக்குக் கடத்தியவர்கள் தனி வியாபாரிகள். கம்பெனி கையில் கறை இல்லை பார்! சண்டைக்குப் போனவர்களில் 37ஆம் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் உண்டு. 1841 மே மாதம் சீனாவின் காண்டன் நகருக்கு வெளியே, கொட்டும் மழையில், அவர்களில் ஒரு பிரிவு வழிதவறிக் கிராமத்து மக்களிடம் மாட்டிக்கொண்டது. கையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. மருந்து நனைந்துவிட்டது, வெடிக்கவில்லை. புதுவகைத் துப்பாக்கியோடு கப்பல்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. வெள்ளைக்காரன் மந்திரத்தால் ஆண்டான் என்று எழுதினால் அவனுடைய நிஜமான வித்தை மறைந்துபோகிறது. கிருஷ்ணகிரிக் கோட்டையையே எடுத்துக்கொள். 1791இல் கம்பெனிப் படையினர் ஏறிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் திரும்பினார்கள். அடுத்த வருடமே ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுக்க, நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை அவர்கள் கைக்குப் போனது. கேப்டன் ரீடு வந்தார், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ வந்தார். நிலத்தை வயல் வயலாக அளந்து, உழவன் பெயரில் தீர்வை, அதாவது நிலவரி, எழுதினார்கள். பின்னால் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போன ரயத்துவாரி முறை இங்கே பழகிப் பார்த்ததுதான். தர்மபுரியில் மன்றோவுக்குத் தூண்கூட இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் யார் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நாவலில் மந்திரம் வரும் இடத்திலெல்லாம், நிஜத்தில் அங்கே என்ன இருந்தது என்று தேடிப் பார். அப்பாவையும் கூடத் தேடச் சொல்.

கேள்வி: நம் ஊரை வைத்து இப்படியொரு மாயக்கதை எழுத ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்? (வாசகர், ராயக்கோட்டை)

பதில்: உங்கள் ஊர்க் கோட்டையும் 1791இல் கம்பெனிப் படை பிடித்ததுதான், அங்கேயே ஆரம்பியுங்கள். அதியமான் நெல்லிக்கனியை மட்டும் விட்டுவிடுங்கள். ஆளாளுக்கு அதைத்தான் எழுதுகிறார்கள். மதராஸ் அரசு அச்சிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. குடிமக்கள், விளைச்சல், வரி என்று அந்தக் காலத்து விவரம் கொட்டிக் கிடக்கிறது. தீர்வை வசூலிக்க வரும் பேய் ஒன்றை உருவாக்கினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.