பெயின்ட் அடிச்சும் படகு பிளேட்டுல குழி விழுது, பாக்டீரியாவுக்கு மருந்து வாங்கலாமா?

உவரித் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. தூத்துக்குடியில கிடக்க இரும்பு விசைப்படகு, போன மீன்பிடித் தடைக்காலத்துல பெயின்ட் அடிச்சது, இப்ப கரை ஏத்திப் பாத்தா கொட்டலசுக்கு (படகடியில ஒட்டி வளர்ற ஓட்டுப்பூச்சி) அடியில அங்கங்க ஆரஞ்சு கலர்ல துரு மொத்தமா எழும்பி நிக்குது, சுத்தியல வச்சுத் தட்டுனா உள்ள கறுப்புச் சகதி, அழுகின முட்டை நாத்தம், தொடச்சா பளபளன்னு குழி. படகு ரிப்பேர் பாக்குற யார்டுல ஒரு புரோக்கர் "இது பாக்டீரியா வேலை, பெயின்ட்ல கலக்க மருந்து தாரேன்"ன்னு சொல்லுதாராம். வாங்கலாமா?

வாங்காதீங்க தம்பி. பாக்டீரியான்னு சொன்னது சரிதான், ஆனா அந்த மருந்தால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கடல் தண்ணியில லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கு. காத்தே போகாத எடத்துல இந்த சல்பேட்ட வச்சு வாழுற பாக்டீரியா உண்டு, அது வெளிய விடுற கேஸ்தான் ஹைட்ரஜன் சல்பைடு, உங்களுக்கு அடிச்ச முட்டை நாத்தம் அதுதான். அந்த கேஸ் இரும்போட சேந்தா கறுப்புச் சகதி. கொட்டலசுக்கு அடியில, துரு மொக்குக்கு உள்ள, வெல்டிங் இடுக்குல, படகுக்குள்ள தேங்குற மீன் கழிவுத் தண்ணியில எல்லாம் அதுக்கு வீடு. மேல அடிக்கிற பெயின்ட்ல எந்த மருந்தக் கலந்தாலும் அது பெயின்ட்டோடதான் நிக்கும், பாக்டீரியா துருவுக்கும் இரும்புக்கும் நடுவுல உக்காந்திருக்கு, அங்க எப்படிப் போய்ச் சேரும்? பிளீச்சிங் பவுடர் ஊத்துறதும் அதே கததான், மேல உள்ள வழுவழுப்பத் தாண்டாது.

ஒண்ணு சொல்லுதேன், இதத் தயவுசெஞ்சு படகுல எல்லாருக்கும் சொல்லுங்க. அந்த நாத்தம் படகுக்குள்ள அடியில வந்தா உடனே ஆள எறக்காதீங்க. மூடியெல்லாம் தெறந்து, ஃபேன் வச்சுக் காத்த வெளிய தள்ளி, அப்புறம்தான் எறங்கணும், மேல ஒரு ஆள் நிக்கணும். கேஸ் ஜாஸ்தியானா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தம் போயிருச்சின்னு நெனச்சு எறங்குறவன் மயங்கி விழுவான், அவனத் தூக்கப் போறவனும் விழுவான்.

இப்ப பிளேட்டுக்கு வருவோம். தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், எல்லாப் படகும் அதே நேரம் கரையேற நிக்குது, கான்ட்ராக்டருக்கு அவசரம், வயர் பிரஷ்ஷால ரெண்டு தேய்ப்பு, மேல ரெட் ஆக்சைடு, அதுக்கு மேல கலரு, முடிஞ்சது. குழிக்குள்ள இருக்க கறுப்பு அப்படியே உள்ள மாட்டிக்கிடும், காத்து வராத மூடி நம்மளே போட்டுக் குடுத்த மாதிரி ஆயிருது. சரியான முறை, மொதல்ல நல்ல தண்ணியில உப்பு போகக் கழுவி, காய விட்டு, பிளாஸ்டிங் பண்ணி, அதாவது மணல் மாதிரித் துகள வேகமா அடிச்சு, இரும்பு வெள்ளையா தெரியிற வரைக்கும் எடுக்கணும், அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் போட்டுரணும், நம்ம கடக்காத்துல ராத்திரி விட்டா காலையில மறுபடி துரு பூத்துரும். கொட்டலசு ஒட்டாம இருக்க அடிக்கிற செம்பு பெயின்ட், எபாக்ஸிக்கு மேலதான், வெறும் இரும்பு மேல பட்டா செம்பே இரும்ப அரிக்க வச்சிரும்.

அடுத்தது படகுக்கு வெளிய அடியில மாட்டுற ஜிங்க் (துத்தநாகம்) கட்டி, ஏமாத்து இங்கதான் ஜாஸ்தி. இரும்புக்குப் பதிலா அந்தக் கட்டி கரையணும், அதுக்குத்தான் அத மாட்டுறது. ஒரு சீசன் ஓடி வந்த பெறகும் கட்டி வாங்கினபடியே முழுசா இருந்தா சந்தோஷப்படாதீங்க, அது வேலையே செய்யல. ஒண்ணு, பெயின்ட் அடிக்கிற பய அது மேலயும் சேத்து அடிச்சிருப்பான், இல்லன்னா போல்ட்டு துருப்பிடிச்சு இரும்போட தொடர்பு விட்டிருக்கும், இல்லன்னா பழைய இரும்புக்கடை ஜிங்க உருக்கி ஊத்தின கட்டி. ஜிங்க்ல இரும்புக் கலப்பு 0.005 சதவீதத்தத் தாண்டினா மேல ஒரு தோல் படிஞ்சு கரையுறது நின்னு போயிரும். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாம வாங்காதீங்க. அளக்கிறதுக்கு ஆள் கெடச்சா தண்ணியில சில்வர் குளோரைடு எலக்ட்ரோடு வச்சு படகு இரும்போட வோல்டேஜ அளக்கச் சொல்லுங்க, சாதாரணமா மைனஸ் 0.80 வோல்ட் போதும்பாங்க, இந்த பாக்டீரியா இருக்க எடத்துக்கு மைனஸ் 0.90 வேணும்.

ஆனா ஒரு எடத்துல இந்தக் கட்டி ஒதவாது, நல்லாக் கேட்டுக்கிடுங்க. வெளிய மாட்டின கட்டி குழாய்க்குள்ள காக்காது. இஞ்சின் கூலிங்குக்குக் கடத்தண்ணி எடுக்குற லைன், வால்வு, அதெல்லாம் தனி. அதுக்குத்தான் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டிருக்கோமே, 316 ரகம்தானேன்னு சொல்லுவீங்க. தண்ணி ஓடிக்கிட்டு இருக்க வரைக்கும் ஓரளவு தாங்கும், ஆனா தடைக்காலத்துல 61 நாளும் கடத்தண்ணி உள்ளயே தேங்கிக் கிடந்தா வெல்டிங் ஓரமா ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும், 304 ரகம்னா இன்னும் சீக்கிரம். தடைக்காலத்துக்குப் படக நிறுத்திப் போடுற அன்னைக்கே நல்ல தண்ணிய விட்டு லைனக் கழுவி, வடிச்சு, காத்தடிச்சுக் காய வச்சிரணும். படகுக்குள்ள தேங்குற தண்ணிக்கும் இதே வழிதான், எறைச்சுக் காய வைக்கணும்.

குழி விழுந்த பிளேட்ட அல்ட்ராசானிக் கேஜ் வச்சு தடிமன் அளங்க. வருஷா வருஷம் ஆய்வுக்கு வர்றவங்க நம்பரப் பாக்குறாங்க, இஞ்சினப் பாக்குறாங்க, நம்ம ஆளுக நிக்கிற தரையில எத்தன மில்லிமீட்டர் இரும்பு மிச்சம்னு கேட்டு நான் பாத்ததில்ல, கேட்டா மேலதான் சொல்லணுங்காங்க, ஆத்திரமா வருது. மெலிஞ்சிருந்தா அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு புதுசு வைக்கச் சொல்லுங்க. பழசு மேலயே இன்னொரு பிளேட்ட ஒட்டி வெல்டு வைக்க விடாதீங்க, செலவு கம்மின்னு ஆச காட்டுவாங்க, ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல தண்ணி நின்னு அதே பாக்டீரியா மறுபடி குடியேறும். கேஜ் கணக்க எழுதி வாங்காம யார்டுக்குப் பாக்கிப் பணம் குடுக்காதீங்க.