மருத்துவர் பதில்: தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது, தட்டம்மை ஊசியை மறுபடி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து வயதில் மகன், 67 வயதில் அம்மா. எங்கோ தட்டம்மை பரவுகிறது, புது வைரஸ் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை. என் சிறுவயதுத் தடுப்பூசி அட்டையும் தொலைந்துவிட்டது. தட்டம்மை ஊசி போட்டார்களா என்று அம்மாவுக்கும் நினைவில்லை. மறுபடி போட்டுக்கொண்டால் ஏதாவது ஆகுமா?

பதில்: ஒன்றும் ஆகாது. உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால், ஊசியில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸை அது வந்த இடத்திலேயே அடக்கிவிடும். அட்டை இல்லாதவரை ஊசி போடாதவராகவே வைத்துக்கொண்டு, குறைந்தது 28 நாள் இடைவெளியில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை இரண்டு தவணை போடலாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கர்ப்பமாக இருந்தால் இந்த ஊசி கூடாது. போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப். சமீபத்தில் ஒருவர் என் மேசைக்கு மேலாகக் கைபேசியை நீட்டினார். ‘தட்டம்மை, ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தது. ஊர் இல்லை, தேதி இல்லை. படத்திலிருந்த குழந்தையின் முதுகில் நீர்க்கொப்புளங்கள். அது சின்னம்மை! தட்டம்மையில் நீர் கோத்த கொப்புளம் வராது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தொடங்கி உடம்பெல்லாம் இறங்கும் தடிப்புதான் வரும். கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும்.

இப்படி எது வந்தாலும் நான் பார்ப்பது மூன்று விஷயம்: எப்படிப் பரவுகிறது, யாருக்கு ஆபத்து, நான் செய்ய ஏதாவது இருக்கிறதா. செய்தியின் சத்தத்துக்கும் உங்கள் வீட்டு ஆபத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமிருக்காது. குரங்கம்மைக்காக உலக சுகாதார நிறுவனம் 2022 ஜூலையிலும் 2024 ஆகஸ்டிலும் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. கேட்டாலே பயமாகத்தான் இருக்கும். அது நாடுகளை ஒருங்கிணைப்பதற்கான அறிவிப்பு. அந்த நோய் பெரும்பாலும் தோலோடு தோல் நெருங்கிப் பழகுவதில் பரவுகிறது. தட்டம்மைக்கு அப்படி ஓர் அறிவிப்பு இதுவரை வந்ததே இல்லை. ஆனால் நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த வைரஸ் காற்றில் நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு என்று இருக்கும்போதே, பரவத் தொடங்கிவிடும். செய்தி தெரிய வேண்டுமென்றால் உங்கள் நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மகனின் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். முதல் தவணை பலரும் போட்டுவிடுகிறார்கள். விட்டுப்போவது இரண்டாவதுதான். ஒரு தவணை சுமார் 93 சதவீதம் காக்கும், இரண்டு போட்டால் 97. நான்கு சதவீதம்தானே என்று தோன்றும். நூறு பிள்ளைகளில் ஏழு பேர் காப்பில்லாமல் இருப்பதற்கும் மூன்று பேர் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது நிறைய. இரண்டாம் தவணைக்கான வயது நாட்டுக்கு நாடு மாறும். தவறியிருந்தால் இப்போதும் போடலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அம்மாவைப் பற்றித் தட்டம்மை விஷயத்தில் எனக்கு அவ்வளவு கவலையில்லை. தட்டம்மைத் தடுப்பூசி வந்ததே 1963இல்தான். அவருக்குச் சின்ன வயதிலேயே நோய் வந்துபோயிருக்கும், ஒருமுறை வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் காப்புதான். அவர் வயதுக்கு வேண்டியது வருடாவருடம் ஃப்ளூ ஊசி. அந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் சேர்மானத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மறுபரிசீலனை செய்கிறார்கள். போன வருட ஊசியை நம்பி உட்கார முடியாது. நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியையும் அக்கிக்கான ஊசியையும் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் யாராவது தட்டம்மை நோயாளியோடு இருந்துவிட்டதாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. காய்ச்சலும் தடிப்பும் வந்துவிட்டதென்றால் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுப் போங்கள். காத்திருப்போர் அறையில் கைக்குழந்தைகள் இருப்பார்கள், அவர்களில் பலர் முதல் தவணைக்கான வயதையே எட்டியிருக்க மாட்டார்கள்.

ஊசி போட்டதும் தேதியோடு புது அட்டை வாங்கி, அங்கேயே நின்று கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன்பு உடைந்த கண்ணாடி என் விரலைக் கிழித்தது. தையல் போட வந்த செவிலியர் “டிடி ஊசி கடைசியா எப்ப டாக்டர் போட்டீங்க?” என்று கேட்டார். டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்குமான அந்த ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. ஊருக்கெல்லாம் சொல்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது என் அட்டையும் கைபேசியில்தான் இருக்கிறது.